ஆறாவது வரிசையில் ஒரு வெள்ளை மோதிரம்

தனிமங்கள் நூற்றுப் பதினெட்டு. எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். மிச்சம் எழுபத்தேழுக்கு ஆள் இல்லையே என்பதுதான் டேப் டீச்சரின் அந்த மாதக் கவலை. தன் வேலை நிலைக்குமா என்பது அதற்கு அடுத்த கவலை. வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கணவர் நம்பவில்லை.

டேப் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வளையல் போடும் கையில் ஒரு காகித டேப் சுருளை மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் வருவார். தரையில் கட்டம் போட, சுவரில் படம் ஒட்ட, கிழிந்த புத்தகத்தைச் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சுருள் தீர்ந்த நாளில் கை வெறிச்சென்று இருக்கிறது என்று பிள்ளைகளே கவலைப்படுவார்கள்.

ஆசிரியர் வேலைக்கு அவர் வந்தது சுற்றுவழியில். முதலில் ஒரு பேட்டரி தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தார். வெள்ளைக் கோட்டு, கையுறை, அமிலம் பட்டு ஓட்டை விழுந்த மேசை. தொழிற்சாலையை மூடியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மறுபடி படித்து, தேர்வெழுதி, பள்ளிக்கு வந்தார். வந்தவரைத் தகுதிகாண் பணியில் வைத்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதையும் பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். போன ஆண்டு வந்தவர் சரி என்று எழுதவில்லை. 'வகுப்பில் இரைச்சல். பாடம் முடியவில்லை' என்று இரண்டே வாக்கியம். ஒரு பிள்ளை கேட்ட 'ஏன்'-க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. இரண்டாவது முறையும் அப்படி ஆனால் ஆண்டு முடிவோடு வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது வாய்ப்பு விதியில் இல்லை.

மதிப்பீட்டாளர் வரும் நாள் காலையில், சமையலறையில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டு கணவர் ஆரம்பித்தார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"தூக்கத்துல ஆர்கான், ஆர்கான்னு கூப்பிட்ட. யாரு அவன்?"

"யார்கூடவும் சேராதவன். உங்களுக்கு நேர் எதிர்."

"அது சரி. இன்னிக்குதான வர்றாரு அந்த மனுஷன்?"

"ம்."

"என் வண்டில செக்கிங் ஏறாத நாளே கிடையாது. ஏறினா நான் என்ன பண்ணுவேன்? கண்ணாடில அவரைப் பாக்க மாட்டேன். ரோட்டைப் பாப்பேன்."

"நீங்க கடைசி ஸ்டாப் போய்ச் சேரலன்னா உங்க வேலை போகாதுங்க. எனக்குப் போயிடும்."

கணவர் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. டீச்சரின் பையை எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

பாடத்தை டீச்சர் இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருந்தார். தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் தொங்கவிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும்விடுவார்கள். அதனால் பிள்ளைகளையே அட்டவணை ஆக்கினார். ஒரு டப்பாவில் சீட்டுகள். எடுத்த சீட்டில் எந்தத் தனிமமோ, அதுவாக இருக்க வேண்டும். அந்தத் தனிமத்தைப் பற்றிப் பேசினால் 'நான்' என்றுதான் பேச வேண்டும். 'இரும்பு துருப்பிடிக்கும்' என்று சொன்னால் உட்காரவைப்பார். 'என்னை மழையில விட்டா துருப்பிடிச்சிடுவேன்' என்றால் கைதட்டுவார்.

சீட்டு எடுத்த அன்று வகுப்பு சந்தை மாதிரி இருந்தது.

"டீச்சர், நான் ஈயமா? எங்கப்பா கேட்டா என்ன சொல்றது?"

"கனமானவன்னு சொல்லு."

"டீச்சர், இவன் நியானாம். ஒரு வேலையும் செய்ய மாட்டானாம்."

"சீட்டு சரியான ஆள்கிட்டதான் போயிருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தங்கம் என்ற சீட்டு, யாருடனும் அதிகம் பேசாத ஒரு பெண்ணுக்கு விழுந்தது. அன்றிலிருந்து டீச்சர் "தங்கம், இங்க வா" என்று கூப்பிட்டால் வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாவது வேலை, வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவருவது. செம்பு என்றால் கம்பித் துண்டு, கால்சியம் என்றால் முட்டை ஓடு, கார்பன் என்றால் கரித்துண்டு. ஆபத்தான தனிமங்களின் சீட்டு விழுந்தவர்களை மட்டும் தனியாக நிறுத்தி, "நீங்க படம்தான் கொண்டுவரணும், பொருள் கூடாது" என்று சொன்னார். சோடியம், குளோரின், ஈயம், யுரேனியம் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாதரசம் அன்றைக்கு வரவில்லை. காய்ச்சல். அவளுக்காகப் பக்கத்து இருக்கைக்காரிதான் சீட்டு எடுத்திருந்தாள். மூன்று நாள் கழித்து வந்தவளிடம் தோழிகள் சொன்னது ஒன்றே ஒன்று: அவரவர் பொருளை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அவளிடம் தனியாகச் சொல்ல டீச்சர் மறந்துபோனார். அவளுடைய அப்பா ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். மற்ற வீடுகளில் தேடினாலும் கிடைக்காதது அந்த வீட்டு அலமாரியில் இருந்தது.

மதிப்பீட்டாளர் இடைவேளை முடியும் நேரத்தில் வந்தார். மெலிந்த மனிதர், பளபளப்பான கறுப்பு ஷூ, கையில் ஒரு அட்டை, அதில் படிவம். வகுப்பறையின் பெஞ்சுகள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. தரை முழுக்கக் காகித டேப்பால் கட்டங்கள். கரும்பலகைப் பக்கம் முதல் வரிசை, பின்சுவர்ப் பக்கம் ஏழாவது. நாற்பத்தொரு பிள்ளைகளும் அவரவர் கட்டத்தில் நின்றார்கள். ஆள் இல்லாத கட்டங்கள் காலியாகக் கிடந்தன. மதிப்பீட்டாளருக்குப் பின்சுவரோரம் நாற்காலி. வெளியே தெருவில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் சத்தம் காதைத் துளைத்தது.

"ஜன்னலைச் சாத்திடலாமே" என்றார் மதிப்பீட்டாளர்.

சாத்தினார்கள். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

"நான் ஹைட்ரஜன்" என்று வாசலோரக் கட்டத்திலிருந்த பொடியன் தொடங்கினான். "எல்லாரையும் விட லேசு. என்கிட்ட இருக்கறதே ஒரு எலெக்ட்ரான். யாராவது கேட்டா அதையும் குடுத்துட்டு நிப்பேன்."

எதிர்க்கோடியில் ஹீலியம் பலூனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நியான் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "உள்ளதான் இருக்கேன், நம்புங்க" என்றான். டீச்சர் குறுக்கே போவதை வரிசை என்றார், மேலிருந்து கீழே போவதைக் குடும்பம் என்றார். ஒவ்வொரு வரிசையும் வாசல் பக்கம் அவசரக்காரர்களில் ஆரம்பித்து, ஜன்னல் பக்கம் எதிலும் சேராதவர்களில் முடிவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அணு எண் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது, குணம் மட்டும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. அதைச் சொன்ன பிள்ளையை மதிப்பீட்டாளர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் சோடியம். என்னைத் தண்ணில போட்டா கத்துவேன்."

"போடாமயே கத்துற" என்றான் அந்த வரிசையின் மறுகோடியிலிருந்த குளோரின்.

சிரிப்பு எழுந்தது. போன முறை 'இரைச்சல்' என்று எழுதியது டீச்சருக்கு நினைவு வந்தது. கையை உயர்த்தினார். அடங்கியது. "ரெண்டு பேரும் நடுவுல வந்து கை குடுங்க" என்றார். கொடுத்தார்கள். "இப்ப நீங்க யாரு?"

"உப்பு" என்றது வகுப்பு.

நான்காவது வரிசையில் இரும்பும் செம்பும் முடிந்தன. ஐந்தாவதில் வெள்ளி தன் கொலுசைக் காட்டினாள். ஆறாவது வரிசைக்கு வந்தபோது கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருந்தது. தங்கம், பாதரசம், ஈயம், இன்னும் மூன்று பேர். அதற்குப் பின்னால் ஏழாவதில் ரேடியமும் யுரேனியமும் மட்டும். முடித்துவிடலாம்.

தங்கம் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"நான் தங்கம்" என்றாள். குரல் எழும்பவில்லை. "காத்து பட்டாலும் தண்ணி பட்டாலும் நான் மாற மாட்டேன். எதோடயும்..." நிறுத்தினாள். "எதோடயும் சேந்து..."

"சொல்லு, தங்கம்."

பக்கத்துக் கட்டத்தில் பாதரசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு புத்தகப்பை கிடந்தது. பைகளை எல்லாம் வராந்தாவில் வைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர்.

"என்ன கொண்டுவந்த? கையைக் காட்டு."

அவள் மெதுவாக ஒரு கையை முன்னால் நீட்டினாள். விரலில் மோதிரம். அம்மாவுடையதாக இருக்க வேண்டும், தளர்வாக இருந்தது. தங்க மோதிரம்தான், ஆனால் ஒரு பாதி வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடந்தது.

சோதனை அறையில் இதே வெள்ளையை டீச்சர் ஒருமுறை பார்த்திருக்கிறார். கூட வேலை செய்தவளின் தோடு. அன்றைக்கு மேற்பார்வையாளர் தோடு யாருடையது என்று கேட்கவில்லை. கொட்டியதில் மீதி எங்கே என்றுதான் கேட்டார். தங்கத்தை இப்படி வெளுக்கவைப்பது அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டத்தில் இருப்பது.

மதிப்பீட்டாளர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மோதிரம் அவர் கண்ணில் படவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து பேர் பேசினால் ஆறாவது வரிசை முடிந்துவிடும், இரண்டு பேர் பேசினால் ஏழாவதும். மணி அடித்ததும் வழக்கம்போல் வகுப்பை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சில நிமிடத்தில் யாரும் மயங்கி விழப்போவதில்லை, அது டீச்சருக்குத் தெரியும். மூடிய அறையில் அது கண்ணுக்குத் தெரியாத நச்சு ஆவியாக எழுந்துகொண்டே இருக்கும் என்பதும் தெரியும். கால்களில் ஒட்டி நாற்பத்தொரு வீடுகளுக்குப் போகும் என்பதும்.

அவர் பாதரசத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு?"

"நான் பாதரசம் டீச்சர்."

"எங்க இருக்க?"

அந்தப் பெண் பையைப் பார்த்தாள், தங்கத்தைப் பார்த்தாள். வகுப்பின் விதி அவளுக்கு நன்றாகப் பதிந்திருந்தது.

"நான் பாட்டில்ல இல்ல டீச்சர்" என்றாள். "கீழ இருக்கேன்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யாரும் இருக்கற இடத்தை விட்டு அசையாதீங்க" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "ஹைட்ரஜன், கைக்கு எட்டற சுவிட்ச், விசிறியை நிறுத்து. கதவை முழுசாத் திற. நியான், ஆர்கான், உங்க பக்கம் ஜன்னல் ரெண்டையும் திறங்க."

இயந்திரத்தின் சத்தம் உள்ளே பாய்ந்தது.

மதிப்பீட்டாளர் பேனாவை நிறுத்தினார். "ஏன் நிறுத்தறீங்க? இன்னும் நேரம் இருக்கே."

"தரையில பாதரசம் கொட்டியிருக்கு சார். எழுந்திரிங்க. நடக்க மட்டும் வேண்டாம்."

"பாடம்?"

"பாடம் இதோட நின்னுடுச்சு சார்."

பிறகு அவர் பிள்ளைகளிடம் சொன்னார்: "முதல் வரிசை, வெளிய. ஓடாதீங்க. ரெண்டாவது வரிசை." வரிசை வரிசையாகக் காலியானது. யாரும் யாரையும் தள்ளவில்லை. அவரவர் இடம் அவரவருக்கு இரண்டு வாரமாகத் தெரியும். ஐந்தாவது வரிசை போகும்போது ஒவ்வொருவரின் காலடியையும் வாசலில் நிறுத்திப் பார்த்தார். ஆறாவது வரிசைக்காரர்களைக் காலணிகளைக் கட்டத்திலேயே கழற்றி வைக்கச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரமாக நடக்கவைத்தார். ஏழாவது வரிசையும் அதே வழியில் வந்தது.

"நான்தான் பயங்கரமான ஆளுன்னு நெனச்சேன் டீச்சர்" என்றான் யுரேனியம், கையில் தன் படத்தோடு.

"நட."

கடைசியாக மதிப்பீட்டாளர். டீச்சர் செல்போன் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தார். பை கிடந்த இடத்திலிருந்து பின்சுவரை நோக்கி, சிமெண்ட் வெடிப்பு ஓரமாக, வெள்ளை மணிகள் மின்னின. தரை அந்தப் பக்கம் சரிவு. ஒரு மணி ஷூவின் அடியில், பள்ளத்தில் ஒட்டியிருந்தது.

"ஷூவைக் கழட்டிடுங்க சார்."

"இது புதுசும்மா."

"அதனாலதான் பள்ளம் ஆழமா இருக்கு. கழட்டிடுங்க."

அவர் கழற்றினார். கால்சட்டை நுனியைத் தூக்கிக்கொண்டு, காலுறையோடு சுவரோரமாக நடந்து வெளியே போனார். வராந்தாவில் நின்ற நாற்பத்தொரு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு டீச்சருக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான்.

தலைமையாசிரியை வேகமாக வந்தார். கதையைக் கேட்டார். முதலில் பிள்ளைகளை எண்ணினார், பிறகு டீச்சரைத் தனியே இழுத்தார்.

"உனக்கு இது ரெண்டாவது தடவை. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"யாரு கொண்டுவந்தது? கூப்பிடு அவளை. அவங்க அப்பாவையும் கூப்பிடு."

பாதரசம் வந்து நின்றாள். இடைவேளையில் பாட்டிலைத் திறந்து தோழிக்குக் காட்டியிருக்கிறாள். தங்கம் விரலால் தொட்டிருக்கிறாள். மோதிரம் கண்ணெதிரே வெளுத்ததும் கையை உதறியதில் பாட்டில் விழுந்திருக்கிறது. அதற்குள் மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். பையைப் போட்டு மூடிவிட்டார்கள்.

"உன் வேலையை நீ செஞ்ச" என்றார் டீச்சர் அவளிடம். "மத்தவங்களுக்குப் பொருள் கூடாதுன்னு சொன்னேன். உனக்குச் சொல்லல. அது என் தப்பு."

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசேன். அவர் காதுல விழுது."

"விழட்டும் மேடம். அவளைத் திட்டிட்டு நான் நல்லவளா நிக்க முடியாது."

மதிப்பீட்டாளர் தூணோரம் காலுறையோடு நின்றிருந்தார். கேட்டது முகத்தில் தெரிந்தது.

தங்கம் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லாமல் மோதிரத்தை எடுத்து வந்திருந்தாள்.

"எங்கம்மா கொன்னுடுவாங்க டீச்சர்."

"மோதிரம் எங்கயும் போகல. மேல ஒரு தோல் மாதிரி ஏறியிருக்கு, அவ்வளவுதான். எடுக்கறவங்க இருக்காங்க. நானே பேசறேன்."

தொலைபேசியில் அந்த அம்மா நிறுத்தாமல் பேசினார். "பாடம் நடத்தறதுக்கா நாங்க மோதிரம் வாங்கினோம்? நாளைக்கு வைரம் கொண்டுவான்னு சொல்லுவீங்களா?" டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்: அடுப்பில் காட்டாதீர்கள், வீட்டில் யாரும் தேய்க்காதீர்கள், மோதிரத்தை மூடிய டப்பாவில் தருகிறேன், நகை செய்பவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் "பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டார் அந்த அம்மா.

வகுப்பறைக்குள் டீச்சர் தனியாகத்தான் போனார். துடைப்பத்தை எடுத்த பள்ளி உதவியாளரை வாசலிலேயே நிறுத்தினார், பெருக்கினால் சிதறும். இரண்டு அட்டைகளால் பெரிய மணிகளைச் சேர்த்து ஒரு பாட்டிலுக்குள் உருட்டினார். பொடி மணிகளுக்குக் கையிலிருந்த டேப்பைக் கிழித்து, பசைப்பக்கத்தால் ஒற்றி எடுத்தார். தரையில் போட்டிருந்த கட்டங்களையும் உரித்துப் பாட்டிலோடும் காலணிகளோடும் ஒரே பைக்குள் வைத்துக் கட்டினார். ஆறாவது வரிசையை உரித்தபோது அதன் ஓரத்தில் மணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தன. டேப் இல்லாதிருந்தால் பின்சுவர் வெடிப்புக்குள் போயிருக்கும். பையை எடுத்துப்போக மருத்துவமனையின் கழிவுப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். அறையைப் பூட்டி ஜன்னல்களைத் திறந்துவைத்தார்கள்.

தலைமையாசிரியையின் அறையில் மதிப்பீட்டாளர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு காலில் இருந்தது, அளவு பெரியது.

"'பாடம் முடிந்ததா'ன்னு கேட்டிருக்கு" என்றார். "ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம்தான். நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

"இல்லைன்னு போடுங்க சார்."

போட்டார். "பாதுகாப்புக் குறைபாடு உண்டான்னு அடுத்த கேள்வி."

"உண்டுன்னு போடுங்க."

அதையும் போட்டார். பேனாவை மூடவில்லை.

"யாரை முதல்ல அனுப்பறதுன்னு எப்ப யோசிச்சீங்க? ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கலையே."

"யோசிக்கல சார். அட்டவணைதான் ஏற்கெனவே நின்னுட்டு இருந்துச்சே. கொட்டினது ஆறாவதுல. முன்னாடி இருக்கறவங்க முதல்ல போகணும்."

அவர் குறிப்புக்கான இடத்தில் எழுதத் தொடங்கினார். இரண்டு கோடு போட்ட இடம் அது. கீழே விளிம்புவரை எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. அப்படிக் காட்டவும் கூடாது.

அன்று மாலை கணவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவர் வண்டியில்தான் பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டுக்குப் போவார்கள்.

"பாதி வழியில நிறுத்திட்டியாமே."

"ஆமா."

"வண்டில புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டு, காய் நறுக்க உட்கார்ந்தார். நறுக்கியது எல்லாம் கோணல்மாணலாக இருந்தது. டீச்சர் அதை அப்படியே அள்ளிக் குழம்பில் போட்டார்.

அலுவலகத்திலிருந்து பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் டீச்சர் மரத்தடியில் வகுப்பு நடத்தினார், இரண்டு முறை பழைய தொழிற்சாலைத் தோழிக்குப் போன் செய்து எங்காவது சோதனை அறையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தார். எடுக்கவில்லை. பதிலில் இரண்டு உத்தரவுகள் இருந்தன. ஒரு மாணவியிடம் எச்சரிக்கை சொல்லத் தவறியதற்காக டீச்சரின் பணிப்பதிவில் ஒரு கண்டனம். அது அழியாது. பாடம் ஆசிரியரால் அல்ல, விபத்தால் நின்றது என்பதால் அந்த மதிப்பீடு கணக்கில் வராது. அதே மதிப்பீட்டாளர் மறுபடி வருவார்.

வரும் புதன்கிழமை, இடைவேளைக்கு அடுத்த பீரியட். அறையை மறுபடி திறந்து, தரையில் புதிய கட்டங்கள் ஒட்டியாகிவிட்டது. மோதிரம் இன்னும் நகைக்கடையிலிருந்து திரும்பவில்லை. அதனால் பாதரசத்தைப்போல் தங்கமும் இந்த முறை படம்தான் கொண்டுவருகிறாள். பாடம் ஆறாவது வரிசையிலிருந்து தொடங்கும்.